கழற்றிப் போடப்போகிற விசிறி

கம்ப்யூட்டருக்குள் செருகுகிற கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது விசிறியைத்தான். எத்தனை விசிறி, எவ்வளவு பெரிசு, என்ன கலரில் லைட் எரிகிறது. என் புருஷன் மட்டும் அந்தப் பக்கமே பார்க்காதே என்றான். "கழட்டிப் போடப்போற சாமானுக்கு எதுக்கும்மா காசு அழுவணும்? அடியில இருக்கற போர்டைப் பாரு" என்பான். காலேஜிலிருந்து தெரிந்தவன் என்பதால் அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அவன் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் குடித்தனம். பம்பு, குழாய், வால்வு இவற்றோடுதான் பிழைப்பு என்பதால் லீவில் வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட அவனுக்குக் கொண்டாட்டம். நான் ராஜா அண்ணாமலைபுரத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து, ஊரார் கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறேன். சித்திரை, வைகாசியில் முகூர்த்தமும் அதிகம், வெயிலும் அதிகம். என் கம்ப்யூட்டர் விசிறி போடுகிற இரைச்சலில் நாதஸ்வரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. போன லீவில் அவன் பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான். இதற்குக் காற்று போதாது, தண்ணீர் விட வேண்டும் என்று தீர்ப்பு. மெட்ராஸ் வெயிலில் தண்ணீரும் அறைச் சூட்டுக்குக் கீழே போகாது, ஆனால் சத்தமில்லாமல் சூட்டை வெளியே கொண்டுபோகும் என்று அரை நாள் பாடம் எடுத்தான்.

பாடத்தோடு விட்டானா? எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய ஒரு செம்புக் கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். புதுசாகக் கார்டு வாங்கி, அதன் விசிறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்த வேண்டுமாம். அதற்குள்தான் தண்ணீர் ஓடும். அதிலிருக்கும் துளைகளும் பள்ளங்களும் போர்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும். செருப்பை வாங்கி வைத்துவிட்டுக் காலைத் தேடுகிற கதைதான். தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அவன் கப்பலேறிவிட்டான்.

ஒரு கம்பெனியின் போர்டு சரியாகப் பொருந்தும். ஆனால் திருகாணிமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதைக் கிழித்தால் வாரண்டி போச்சு. இன்னொரு கம்பெனி தாராள மனசு, கழற்றிக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் வித்தியாசம் காட்ட வேண்டும் என்று போர்டில் எதை எதையோ இடம் மாற்றி வைத்திருக்கிறது, செம்புக் கட்டி அதில் கோணலாக உட்காரும். மூன்றாவதாக ஒன்று அகப்பட்டது. போர்டும் சரி, வாரண்டியும் சரி. விசிறி மட்டும் படு மட்டம், மிக்ஸி மாதிரி கத்துகிறது என்று வாங்கினவர்கள் எல்லோரும் திட்டியிருந்தார்கள். அவனுக்கு ஒரே சந்தோஷம். அதுதான் நம் கார்டு என்று எழுதினான்.

நான் உடனே வாங்கவில்லை. கப்பல் இன்டர்நெட்டில் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று கேட்டால் இரண்டு வரியோடு முடித்துவிடுவான். கார்டைப் பற்றிக் கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவான். அதனால் சந்தேகங்களை நானே உற்பத்தி பண்ணினேன். குழாய் ரப்பரா கண்ணாடியா, பம்பு மேலேயா கீழேயா. பதில் வந்ததும் படித்துவிட்டு, சமையல் பண்ணிக்கொண்டே இன்னொரு தடவை படிப்பேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. தண்ணீர் விட்ட மெஷினை அப்படியே விட்டுவிட முடியாது. குறைந்தால் ஊற்ற வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வடித்து மாற்ற வேண்டும், இணைப்பில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். "தண்ணி ஊத்திட்டா வீட்ல ஆள் இருக்கணும்" என்று சொன்னவன் அவன்தான். இந்தத் தடவையோடு கப்பலுக்கு முழுக்கு, கரையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவனும் அவன்தான். எனக்கு அந்தக் கார்டு என்றால் அவன் வீட்டில் இருக்கப்போகிறான் என்றுதான் அர்த்தம்.

அவன் இறங்குகிற மாதம் நெருங்கியதும் தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கேட்டதைக் கொஞ்சம் வருத்தத்தோடு எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் மூன்று விசிறி வைத்த வேறொரு கம்பெனிப் பெட்டியையும் வைத்தார். வேண்டாங்க, நாங்கள் தண்ணீர் விடப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். அன்றைக்குக் கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்ததால் போன் கிடைத்தது. பெட்டி கையில் இருக்கிறது, வாங்கட்டுமா என்றேன். 

"மூணு ஃபேன் வெச்சது எதுனா இருக்குதா அங்க?"

"இருக்கு. நம்ம செம்புக் கட்டி அதுல உக்காராதேப்பா."

"பரவால்ல, அதையே வாங்கிக்கோ. சத்தம் இருக்காது. நீயும் எதுவும் பாக்க வேணாம்."

வீட்டுக்கு வருகிறவன் இப்படிச் சொல்ல மாட்டான். மறுபடி கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டியா என்று கேட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு கான்ட்ராக்ட்மா" என்றான்.

போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்றேன். கீழே ஜனம் துணிப் பைகளோடு இடித்துக்கொண்டு போனது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மறுபடி உள்ளே போய், அந்த மட்டமான விசிறி வைத்ததையே போடுங்கள் என்றேன். வாங்கினால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். தெரியும் என்றேன்.

அது திட்டு வாங்கினதில் தப்பே இல்லை. வீடியோவை ஓடவிட்டால் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. அடுத்த முறை அவன் கூப்பிட்டபோது வேலை ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சத்தம் அது?"

"கார்டு."

"மூணு ஃபேன் வெச்சதை வாங்கச் சொன்னேனே."

"அதை வாங்குனா நீ இல்லாமலே எல்லாம் நடந்துடும்பா" என்றேன்.

 அவன் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.