தகரத்தின் மூன்று மணி

கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் வழக்கம் சிட்னிக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. வேலை முடிந்து வெளிச்சத்தோடு கடற்கரைக்குப் போகலாம், நல்லதுதானே என்று இன்றும் சொல்கிறார்கள். போகிறவர்கள் போகட்டும். நான் அப்போது டூங்கபிப் பக்கம் தொழிற்சாலைக் கூரைகளுக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எதற்கும் பயம். ஏணியை ஆட்டி ஆட்டிப் பார்த்துத்தான் ஏறுவேன். கூட வேலை செய்த துரை அண்ணை, "நீ ஆட்டுற ஆட்டிலயே அது முறியப்போகுது" என்பார்.

கடும் வெயில் நாட்களில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பன்னிரண்டுக்கு இறங்கினால் மூன்று மணிக்குத்தான் திரும்ப ஏறுவோம். அதற்குள் தகரம் கொஞ்சம் ஆறிவிடும். மணிக்கூட்டை மாற்றினார்களே தவிர, அந்த முறையை ஒருவரும் மாற்றவில்லை. புது மூன்று மணி என்பது பழைய இரண்டு மணி. தகரம் கொதிக்கிற நேரத்தில் ஏற வேண்டியதாயிற்று.

அந்த முதல் கோடையில் ஒருநாள் துரை அண்ணை தலைசுற்றிக் கூரை விளிம்பில் சரிந்தார். எட்டி அவருடைய பெல்ட்டைப் பிடித்துவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாளும் அதே வெயில். மூன்று மணிக்கு, எங்களை மேற்பார்க்கும் போர்மன் விசில் அடித்தார். நான் போய் ஏணியின் கீழ்ப்படியில் குந்திக்கொண்டேன்.

"எழும்பு மேட், மூண்டு மணி" என்றார் போர்மன் இங்கிலிஷில்.

"அது உங்கட மணிக்கூட்டில. தகரத்தில இன்னும் ரெண்டுதான்."

"கவர்மெண்டே மாத்திப்போட்டுது. உனக்கென்ன?"

"கவர்மெண்ட் கூரையில ஏறுறேல்லையே."

இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். துரை அண்ணை குனிந்து தமிழில் சொன்னார்: "டேய், வேலை போயிடும். எழும்படா. எனக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டா நேற்று என்ர கையில தொங்கினது ஆர் அண்ணை?"

"விலகாட்டி வெள்ளிக்கிழமையோட உனக்கு வேலை இல்லை" என்றார் போர்மன்.

"சரி. ஆனா ஏணி ஒண்டுதான் இருக்கு. நாலு மணி வரைக்கும் நான் அதிலதான் இருப்பன்."

மற்றவர்கள் ஒவ்வொருவராக நிழலில் போய் உட்கார்ந்தார்கள். போர்மன் தூசணத்தால் திட்டிவிட்டுத் தன் வான் வண்டிக்குப் போனார். நாலு மணிக்கு நானே முதலில் ஏறினேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமையோடு என்னை நிறுத்தினார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை நான் பட்ட யோசனை கொஞ்சமல்ல. ஆனால் அந்தக் கோடை முடியும்வரை ஏறும் நேரம் நாலு மணியாகவே இருந்தது என்று துரை அண்ணை வீடு தேடி வந்து சொன்னார். கால் கை எல்லாம் சரியாக இருந்தபடி வந்து சொன்னார்.

கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் மணிக்கூட்டை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளட்டும். வெயிலில் வேலை செய்யும் தம்பிமாருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏறுமுன், கீழே வெயிலில் கிடக்கும் தகரத்தில் உள்ளங்கையை வையுங்கள். சூட்டில் கை தானாகத் திரும்பி வந்தால் இன்னும் நேரமாகவில்லை. விசில் அடிக்கிறவர் அடித்துக்கொண்டிருக்கட்டும்.