சென்சார் நுனியில் வெள்ளை

முத்தியால்பேட்டையில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருக்கும் சந்தில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் நுழைய முடியும். உள்ளே வந்த வண்டி திரும்பவும் முடியாது, ரிவர்ஸிலேயே வெளியே போக வேண்டும். பதின்மூன்று வருடமாக அந்த வண்டிகளுக்குப் பின்னால் நின்று கைகாட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருப்பவன் நான்தான். 'வா, வா, ஒடி, நேரா வா' என்று கத்தி மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் மட்டும் மறுபடி உள்ளே நடந்து வருவேன்.

ஒர்க்‌ஷாப் என் அக்காவின் கணவருடையது. மச்சான் என்று கூப்பிடுவேன். அத்தா இறந்தபோது என்னையும் அம்மாவையும் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிவந்தவர் அவர். ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். செய்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

போன வருடம் தவளக்குப்பம் தாண்டி, கடலூர் ரோட்டில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வண்டியில் என்னென்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை வந்து சேருங்க, சனிக்கிழமை மதியத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் அங்கிருந்த மேனேஜர். அங்கே வண்டியைத் தூக்கி நிறுத்த லிஃப்ட் இருந்தது. நிமிர்ந்து நின்றபடி வேலை செய்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் சந்தின் இரண்டு சுவரும் ஒரு அடி நெருங்கி வந்துவிட்டது மாதிரி இருந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவர் டீ வாங்கி வந்து நீட்டுவார்.

அந்த வாரம் புதன்கிழமை நர்ஸ் அக்காவின் கார் ஒரே கோளாறுக்காக மூன்றாவது முறையாக வந்தது. கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், தினமும் காரில் போய்வருவார், ஆயில் மாற்றுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வருவார். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது, பெட்ரோல் குடிக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. இதே புகாரோடு ஏற்கெனவே இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிக்கொண்டு போனவர். புகைக்குழாயில் மரை போட்டு மாட்டியிருக்கும் விரல் நீளக் கருவி அது. வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அது தப்பாகச் சொன்னால் எல்லாமே தப்பு.

"நேத்து தவளக்குப்பம் ஜங்ஷன்ல நின்னுடுச்சு தம்பி. பின்னாடி பஸ்காரன் ஆரன அழுத்திக்கினே இருக்கான். ரெண்டு பேர் வந்து ஓரமா தள்ளிவிட்டாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டறேனா? போன தடவ உங்க மச்சான் அப்படித்தான சொன்னாரு? அவர் சொன்னாரேன்னு பெட்ரோல் பங்க்கக்கூட மாத்திட்டேன்" என்றார்.

மச்சான் கெட்டவர் இல்லை. என்ஜினில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதோடு ஒட்டிக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் காதுக்குப் பிடிபடாத கோளாறு என்றால் அவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் வண்டி ஓட்டுபவர் மேல் போய் விழும். என்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்க நான் வாங்கிவைத்திருக்கும் ஸ்கேனரை டி.வி. என்றுதான் சொல்வார். "உன் டி.வி. இன்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், "சென்சார் போச்சு, மாத்து" என்று போய்விடுவார்.

இந்த முறை உடனே மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வண்டியையாவது ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். மறுநாள் முழுக்க அந்தக் கார்தான். ஸ்கேனரில் அந்த சென்சாரின் வோல்டேஜ் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இது அடியிலேயே படுத்துக் கிடந்தது. ஒயரைப் பார்த்தேன், எலி கடிக்கவில்லை. கனெக்டரில் உப்புக்காற்றுத் துரு இல்லை. குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன், புகைக் கசிவில்லை. என்ஜினுக்குள் கொஞ்சம் கூடுதலாக எரிபொருளைக் கொடுத்துப் பார்த்தேன், ஏற வேண்டிய வோல்டேஜ் அப்போதும் அசையவில்லை. ஆக, செத்தது சென்சார்தான். மச்சான் ஒரு நிமிடத்தில் சொன்னதை நான் ஒரு நாள் செலவழித்துச் சொல்கிறேன். ஆனால் ஏன் செத்தது என்று அவரும் கேட்கவில்லை, இரண்டு முறை மாற்றிய நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். சென்சாரைச் சூட்டோடு கழற்றினால்தான் மரை பிடிவிடும், நான் வரவில்லை என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஒயர் நுழைய ஒரு பக்கம் வெட்டிய பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, முழங்கை சுட்டுக்கொண்டு, சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நுனி கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் என்று தெரியும். இது வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது மாதிரி இருந்தது.

மச்சான் எதையும் தூக்கிப் போடமாட்டார். கழற்றிய சென்சார்களெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. கொட்டிப் பார்த்தேன். இதே காரின் பழைய இரண்டும் வெள்ளை. வேறு வண்டிகளிலிருந்து வந்தவற்றிலும் ஏழெட்டு வெள்ளை. போனில் தேடிப் படித்தேன். சிலிக்கான் ஆவி பட்டால் நுனி இப்படித்தான் வெளுத்துச் சாகுமாம்.

சிலிக்கான் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. தலைக்கு மேல் ஷெல்பில் வரிசையாக நின்றது.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒழுகாத வேலை என்று ஒரு பெயர் உண்டு. "நம்ம கையில வந்த வண்டி ஒரு சொட்டு ஒழுகக் கூடாது" என்பது மச்சானின் வைராக்கியம். எந்த வேலைக்கு வண்டி வந்தாலும் என்ஜின் தலைமேல் இருக்கும் டேப்பெட் கவரில் ஆயில் ஈரம் தெரிந்தால் போதும், கேட்காமலேயே கழற்றி, விளிம்பு முழுக்கப் பேஸ்ட் தடவி மூடிக் கொடுக்கச் சொல்வார். காசு வாங்கமாட்டார். அதுவும் என்ஜினுக்கென்று விற்கும் பேஸ்ட் இல்லை. பெரிய மார்க்கெட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கும், பாத்ரூம் சிங்க்குக்கும் மீன் தொட்டிக்கும் பூசுகிற சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும். அதுதான் நன்றாகப் பிடிக்கிறது என்று அவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். காயக்கூட விடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்வோம். அந்த வாடை முழுக்க என்ஜினுக்குள் போய், எரிந்து, புகையாகி, சென்சார் மேல் படிந்திருக்கிறது. இலவசமாக விஷம் வைத்திருக்கிறோம். இத்தனை வருடமாக அதைத் தடவியது மச்சானின் விரல்கூட இல்லை. என் விரல்.

நினைத்துப் பார்த்தேன். சொல்லாமல் திங்கட்கிழமை கிளம்பிப் போனால், அவர் வருகிற வண்டிக்கெல்லாம் தடவிக்கொண்டே இருப்பார். சொல்லிவிட்டுப் போனால், போகிற நேரத்தில் அவர் பெயரை மிதித்துவிட்டுப் போனவன் ஆவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது. கையில் அந்த வெள்ளை நுனியை வைத்துக்கொண்டு, இதை டப்பாவிலேயே போட்டு மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது நர்ஸ் அக்கா வந்தார். டூட்டி முடிந்து பஸ்ஸில் வந்திருந்தார், முகம் வாடியிருந்தது. "நான் ஓட்டறதுலதான் தப்புன்னா சொல்லிடு தம்பி. வண்டிய வித்துடறேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. நாங்கதான் கெடுத்தோம்" என்று மூன்று சென்சாரையும் பேஸ்ட் டியூபையும் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு, "இது உங்க மச்சானுக்குத் தெரியுமா?" என்றார்.

"இப்பத் தெரியும்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தொழுகை முடிந்து தொப்பியோடு நின்றிருந்தார் மச்சான். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சென்சார்களை ஒவ்வொன்றாக எடுத்து நுனியைப் பார்த்தார். "உங்கள அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு எங்களுது. நல்ல சென்சாரா வாங்கி நாளைக்கு மாட்டிக் குடுக்கறோம், நீங்க ஒண்ணும் தர வேணாம்" என்றார். அவர் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அக்கா போனதும் எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், விழ வேண்டும் என்று காத்திருந்தேன். வெளியாள் எதிரில் மானத்தை வாங்கிவிட்டாய், வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே தவளக்குப்பம் வரை நடந்து போயிருப்பேன். அவர் ஷெல்பிலிருந்த டியூபையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பேஸ்ட் போட்ட வண்டியெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்குமா? ஒவ்வொண்ணா கூப்பிட்டுப் பார்த்துக் குடுத்துடணும். எனக்கு இந்த டி.வி.யெல்லாம் புரியாது. நீ இருக்கறதாலதான் தைரியமாச் சொல்றேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை புதுச் சென்சார் வந்தது. காருக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தேன். நுனியில் கைபடாமல் பிடித்து, மரையில் மட்டும் கிரீஸ் தொட்டு, கோணாமல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஸ்டூலில் வைத்திருந்த என் போன் அடித்தது. எடுக்க முடியாது, ஒரு கையில் சென்சார், ஒரு கையில் ஸ்பேனர். மச்சான் குனிந்து, "யாரோ கூப்பிடறாங்க" என்று போனை எடுத்து அழுத்தி, காருக்கு அடியில் கையை நீட்டி என் காதில் வைத்தார்.

"இன்னா தம்பி, திங்கக்கிழமை வந்துடறீங்கதான?" என்றார் மேனேஜர்.

மச்சானின் கை என் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் குழாய். தலையைத் திருப்ப இடமில்லை.

"இல்ல சார், வரல" என்றேன்.

மச்சான் போனை வெளியே எடுத்தார். "யாரு?"

"ராங் நம்பர்."

அடியிலிருந்து பார்க்க அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. "ராங் நம்பருக்கா சார்னு சொன்ன?" என்றார்.

நான் ஸ்பேனரை இன்னொரு சுற்று திருப்பினேன். அவர் என் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ வாங்கப் போனார். நான் சென்சாரை இறுக்கி, கனெக்டரை மாட்டினேன்.