பௌர்ணமி அன்று வராத மெசேஜ்

2006-ஆம் வருடம், சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலையில் நானும் என் கணவரும் சின்னதாக ஓர் இன்டர்நெட் தொழில் நடத்திக்கொண்டிருந்தோம். சென்னையில் ஒரு கம்பெனியிடம் மொத்தமாக இணைப்பு வாங்கி, மொட்டை மாடிகளில் ஆன்டெனா நட்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றியிருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். அவர் மாடி மாடியாக ஏறி இறங்குவார். நான் தேரடி வீதி ஆபீஸில் உட்கார்ந்து திட்டு வாங்குவேன்.

திட்டு என்றால் கொஞ்சநஞ்சத் திட்டு இல்லை. ஒயரைக் குரங்கு இழுத்தாலும் நான்தான் காரணம், கரண்ட் போனாலும் நான்தான் காரணம். லைன் போனது எங்களுக்கு முதலில் தெரியவே தெரியாது. வாடிக்கையாளர் போன் போட்டுக் கத்தினால்தான் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரிடம்கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை.

அதனால், லைன் போனால் தானாகவே நமக்குச் சொல்லுகிற சாஃப்ட்வேர் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். வேலூரிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தார். முதலில் ஒன்றைக் காட்டினார். ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் திரையில் ஒரு பச்சை வட்டம், லைன் போனால் அது சிவப்பாகும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன் என்பதால் வேண்டாம் என்றேன். அடுத்தது, லைன் போனதும் ஈ-மெயில் அனுப்புமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்டர்நெட்டு போச்சுங்கிற சேதி இன்டர்நெட்டுலயே வருமா சார்? செத்தவனே வந்து சாவு சொன்ன கதையா இருக்குதே!"

ஏஜென்ட் அசடு வழிந்தார். என் கணவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாகக் காட்டியதுதான் எங்களுக்குப் பிடித்தது. கம்ப்யூட்டரில் சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டியைச் சொருகிவிட வேண்டும். எந்த ஆன்டெனா படுத்தாலும் அந்தப் பெட்டி செல்போன் டவர் வழியாக எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடும். இன்டர்நெட்டை நம்பவே வேண்டாம். "நீங்க கிரிவலம் போனாக்கூட கவலையில்ல சார், சேதி பாக்கெட்டுக்கே வந்துடும்" என்றார் ஏஜென்ட். அந்த ஒரு பேச்சில் என் கணவர் விழுந்துவிட்டார். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர் அவர். தொழில் தொடங்கியதிலிருந்து கால் மலையைச் சுற்ற, மனசு மொட்டை மாடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வாங்குவதற்கு முன்னால் நன்றாகச் சோதித்துப் பார்த்தோம். செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில்தான் எங்களுடைய முக்கியமான ஆன்டெனா இருந்தது. அந்தப் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸ்கள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் லைன் போகும். அதற்கான கரண்ட் ஒயர், கீழே மாடிப்படி ஓரத்தில் இருக்கும் ஒரு பிளக்கில் சொருகியிருக்கும். அவர் போய் அந்த பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு அவர் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. மறுபடி சொருகினார், "சரியாகிவிட்டது" என்று இன்னொன்று. வேறு வேறு நாட்களிலும் செய்து பார்த்தோம். ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகு சில வாரம் ராஜ வாழ்க்கை. வாடிக்கையாளர் கத்துவதற்கு முன்னாலேயே இவர் ஏணியில் ஏறியிருப்பார்.

அந்த மண்டபத்துக்குப் பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸில் ஒரு வெள்ளைக்கார அம்மா தங்கியிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தமிழும் இங்கிலீஷும் கலந்து மெதுவாகப் பேசுவார். ஐரோப்பாவில் இருந்த அவருடைய அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. அம்மாவும் பெண்ணும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் போன் அவர்களுக்கு உதவாது, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துத்தான் பேச வேண்டும். ஒருநாள் லைன் சரிபார்க்கப் போனபோது நான் அதைப் பார்த்தேன். படம் விட்டு விட்டுத்தான் வந்தது. அந்த அரைகுறைப் படத்திலும் ஒரு வயதான கை என்னவோ கேட்டது, இவர் கை பதில் சொன்னது, இரண்டு பேரும் சத்தமே இல்லாமல் சிரித்தார்கள்.

பௌர்ணமிக்கு முதல் நாள் அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமான டிக்கெட் மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்திருக்கிறது. அதனால் நாளை சாயங்காலம் கம்ப்யூட்டரில் அம்மாவைப் பார்த்துவிட வேண்டும். புதுச்சேரியில் தெரிந்தவர் வீட்டில் நல்ல லைன் இருக்கிறது, அங்கே போய்விடட்டுமா, அல்லது இங்கேயே இருக்கலாமா என்று கேட்டார்.

என் கணவர் யோசிக்கவே இல்லை. "எதுக்கும்மா கார் வெச்சிக்கினு அவ்ளோ தூரம் போறீங்க? இங்க லைன் போவாது. அப்படியே போனாலும் அஞ்சு நிமிஷத்துல எனக்குத் தெரிஞ்சிடும். ஓடியாந்து சரி பண்ணிடுவேன்" என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். அவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் தெருவை அடைத்துக்கொண்டு ஜனம். ஆபீஸைப் பூட்டிவிட்டு, செருப்பை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு, வெயில் இறங்கத் தொடங்கியதும் நடக்க ஆரம்பித்தோம். செங்கம் ரோட்டில் அந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில், "தள்ளாதீங்க, வரிசையா வாங்க, எல்லாருக்கும் இருக்குது" என்று ஒருவர் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் நின்று தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டோம். சாதம் அருமையாக இருந்தது. என் கணவர் கை கழுவிவிட்டு போனை எடுத்துப் பார்த்தார்.

"பாரு, ஒண்ணுமே வரல. எல்லாம் ஜம்முனு ஓடுது."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த அம்மாவின் கெஸ்ட் ஹவுஸ் நாலு வீடு தள்ளித்தான். இந்நேரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதைத் தாண்டி நடந்தோம். அடி அண்ணாமலையில் ஒருமுறை, குபேர லிங்கத்தில் ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் திருப்தியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுற்றி முடித்து, செருப்பை எடுக்க ஆபீஸுக்கு வந்தால், மாடிப்படியில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வையும் புழுதியுமாக இருந்தது. அம்மாவின் முகம் திரையில் வந்ததும் வராததுமாக லைன் போய்விட்டதாம். என் கணவரின் செல்லுக்குத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார், போகவே இல்லை. கெஸ்ட் ஹவுஸ்காரர் ஆபீஸ் போனுக்கு அடித்திருக்கிறார், எடுக்க ஆள் இல்லை. பிறகு அத்தனை லட்சம் ஜனமும் ஒரு பக்கம் போக, இவர் எதிர்ப்பக்கமாக இடித்துக்கொண்டு நடந்தே எங்களைத் தேடி வந்திருக்கிறார். எந்த இடத்தில் எங்களைத் தாண்டினாரோ தெரியாது.

என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரமாக போனை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இல்லம்மா, பாருங்க. எதுவும் வரலியே. போயிருந்தா வந்திருக்கணுமே" என்றார். அவர் அந்த போனைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் செல்போன் கிடைக்காது. அத்தனை கூட்டத்துக்கு டவர் தாங்காது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று காலையில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரவிருந்த என் தங்கையிடம், "போனெல்லாம் கிடைக்காதுடி, ஈசான்ய லிங்கத்தாண்ட வந்து நில்லு" என்று சொல்லியிருந்தேன். அதே வாயால்தான் ஈ-மெயில் சாஃப்ட்வேரைக் கிண்டலடித்தேன். டவர் வழியாக மெசேஜ் வரும் என்று ஏஜென்ட் சொன்னபோது, எங்கள் இருவரில் ஒருவருக்குக்கூட பௌர்ணமி ஞாபகம் வரவில்லை. சோதித்துப் பார்த்த நாளெல்லாம் சாதாரண நாள்.

சந்து சந்தாக வண்டியை ஓட்டிக்கொண்டு என் கணவர் மண்டபத்துக்குப் போனார். நான் அந்த அம்மாவோடு நடந்து கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். மண்டபத்து மாடிப்படி ஓரத்து பிளக்கில் எங்கள் ஒயர் இல்லை. அன்னதானத்துக்கு வந்த மைக்செட்காரர் அதைப் பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் சொருகியிருந்தார். "சும்மா தொங்கிக்கினு இருந்துச்சுண்ணா, யாருதுன்னு தெரியல" என்றாராம். புண்ணிய காரியத்துக்கு வந்தவரை என்னவென்று திட்டுவது? அந்த ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுதான் நாங்கள் சாப்பிட்டோம்.

லைன் வந்தது. திரையில் அந்த அம்மாவின் அண்ணன் தெரிந்தார். அவர் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்திருந்தது. பிறகு அவர் தங்கையிடம் ஏதோ சொன்னார். அதை இந்த அம்மா எனக்கு மெல்லத் தமிழில் சொன்னார். படம் மறுபடி வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னதால், அவருடைய அம்மா கண்ணை மூட மாட்டேன் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பேசுவதற்குத் தயாராகக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்திருந்தாராம். நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. இரண்டு நாள் கழித்து அறையைக் காலி செய்துவிட்டுப் போனார், பிறகு வரவே இல்லை.

கூட்டம் கலைந்த மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவரின் போன் கத்தத் தொடங்கியது. "லைன் இல்லை", "லைன் இல்லை" என்று, டவரில் சிக்கிக் கிடந்த மெசேஜெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. அவர் போனைத் தரையில் வைத்துவிட்டு, அது ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் கத்தினேன். சாஃப்ட்வேர் அந்த நிமிஷமே அனுப்பிவிட்டதே மேடம் என்றார். உண்மைதான், அனுப்பியிருந்தது. சண்டை போடக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை எங்களுக்கு.

அடுத்த வருடம் தொழிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். என் கணவர் அதன்பிறகு கிரிவலம் போகவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை. எங்கள் பெண் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு நாள் பேசவில்லை என்றால், "சேதி இல்லன்னா நல்லா இருக்குறான்னு அர்த்தம்க்கா" என்று என் தங்கை சமாதானம் சொல்வாள். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். சத்தமில்லாமல் கிடக்கும் போனைப் பார்க்கும்போதெல்லாம், எங்கேயோ யாரோ கையைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.