கிழக்கே திருப்பிய கதவு

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த ஜெயகாந்த், ஜேர்மனியின் டோர்ட்மண்டில் ஒரே கராஜில் கார் திருத்தியே தலை நரைத்தவர். முதலாளிக்கு வயதாகிக் கராஜைப் பூட்டியதும், பொதி பிரிக்கும் மண்டபமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். “பெட்டியைத் தூக்கு, பெட்டியை வை. இதுக்கோ நான் தொழில் பழகினனான்?” என்று வீட்டுக்கு வந்து புறுபுறுப்பார். மனைவி சிவகௌரிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடைசியில் ஒரு நாள், வீட்டுக்குப் பக்கத்து வெறும் வளவில் சொந்தமாகக் கராஜ் கட்டப்போவதாக அறிவித்தார். இரண்டு கார் நிற்கவேண்டும், ஒன்றை மேலே தூக்கவேண்டும், ஓரமாக நீளமான வேலை மேசை. கல்லில் கட்டக் கட்டுபடியாகாது என்பதால் மரச்சட்டத்தில் கட்டுவதென்று முடிவானது.

சிக்கனத்தை மனிதரிடம்தான் படிக்கவேண்டும். எங்கோ இடித்த மாட்டுக்கொட்டிலின் உத்தரங்களும், பள்ளிக்கூடமொன்றில் கழற்றிய யன்னல்களும் வந்து வளவில் தறப்பாளுக்குக் கீழே குவிந்தன. மர வேலைக்கு ஆள் பிடிக்கவும் அவர் நினைக்கவில்லை. கோயிலில் பழகிய நண்பர்கள் நாலைந்து பேர் சனிக்கிழமைகளில் வருவார்கள், சிவகௌரி ஆட்டுக்கறி காய்ச்சினால் போதும்.

நகரசபை அனுமதிக்கான படத்தை மகள் தேனுஜா கீறினாள். அவள் வேறொரு நகரத்தில் தங்கி, கட்டட வரைபட அலுவலகமொன்றில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. அவளுடைய மேலதிகாரி நடாலி படத்தைச் சரிபார்த்து, ஒரு சதமும் வாங்காமல் தன் பெயரில் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

“அப்பா, நல்லாக் கேளுங்கோ,” என்றாள் தேனுஜா. “பெர்மிஷன் வருமட்டும் ஒரு ஆணியும் அடிக்கக் கூடாது. படத்தில இருக்கிறதை ஒரு விரலளவும் மாத்தக் கூடாது. என்னை நம்பித்தான் நடாலி கையெழுத்து வைச்சவ. என்ர பேரைக் கெடுத்துப் போடாதேங்கோ.”

“ஓம் பிள்ளை, ஓம். எனக்குத் தெரியாதே?” என்றார் ஜெயகாந்த். மனதாரத்தான் சொன்னார், அதில் கள்ளமில்லை.

வினை கோயில் குருக்கள் வழியாக வந்தது என்று சொன்னால் அந்த மனிதருக்குப் பாவம். கேட்டதற்குத்தான் அவர் பதில் சொன்னார். ஊர் வழக்கப்படி நிலை வைக்க நாள் கேட்டுப் போன் எடுத்தார் ஜெயகாந்த். முதலில் கதவுக்கு நிலை வைத்து, மஞ்சள் குங்குமம் பூசித் தேங்காய் உடைத்த பிறகுதானே எங்கள் ஆட்கள் மற்ற வேலையைத் தொடுவார்கள். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி, “ஆவணி கடைசியில ஒரு நாள் இருக்கு. அதை விட்டால் உங்கட நட்சத்திரத்துக்கு இனித் தையிலதான்” என்றார். பிறகு, “வாசல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“ரோட்டுப் பக்கம். தெற்கு.”

குருக்கள் இழுத்தார். “தெற்கோ? தொழில் செய்யிற இடம் எல்லே தம்பி... சரி, உங்கட விருப்பம்.”

அந்த ‘சரி’ ஜெயகாந்தின் நித்திரையைக் கெடுத்தது. ஆவணி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அனுமதி வந்த பாடில்லை. தை மாதம் வரைக்கும் மரம் மழையில் ஊறினால் விறகாகக்கூட உதவாது. ‘கிழக்கே திருப்பி நிலையை மட்டும் வைப்பம், நிலை ஒரு கட்டடமே?’ என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். தேனுஜாவைக் கேட்டால் மறிப்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

நல்ல நேரத்தில் நிலை எழுந்தது, கிழக்கைப் பார்த்தபடி. தனி நிலை காற்றுக்கு ஆடும் அல்லவா? அதைப் பிடிக்க ஒரு சுவர்ச்சட்டம் வைத்தார்கள். ஒரு சட்டம் தனியே நிற்குமா? அதற்கு மூலை வேண்டும். மூலை என்றால் அடுத்த சட்டம். நண்பர்களுக்கோ உற்சாகம் தலைக்கேறியிருந்தது. ஆட்டுக்கறியும் ருசியாக இருந்தது. கிழக்கு வாசலுக்குள் கார் வளைந்து நுழைய இடம் போதாதென்று கட்டடம் முழுவதையும் மேற்கே தள்ளினார்கள். படத்தில் மேற்கு வேலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று மீற்றர் விட்டிருந்தது. இப்போது ஒரு ஆள் பக்கவாட்டில் போகத்தான் இடமிருந்தது. கூரைச் சட்டமும் ஏறிய பிறகு ஜெயகாந்த் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பழைய உத்தரங்கள் புதுச் சட்டங்களோடு இசைந்து கம்பீரமாக நின்றன. சந்தோசத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேற்கு வேலிக்காரரின் குசினி இருண்டு போயிருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. நேரே நகரசபைக்கு அறிவித்துவிட்டார். அதிகாரி ஒருவர் வந்து தேனுஜாவின் படத்தை விரித்தார், கட்டடத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வேலையை நிறுத்தி, நிற்பதையும் கழற்றச் சொன்னார். போகும்போது, “படத்தில் கையெழுத்து வைத்தவரிடமும் கேட்கவேண்டி வரும்” என்றார். அதுவரை அனுமதியில்லாமல் தொடங்கியதற்கு ஏதோ சமாளிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஜெயகாந்துக்கு அப்போதுதான் மகள் சொன்னது ஞாபகம் வந்தது.

தேனுஜாவிடம் போனில் சொன்னார். அவள் கத்தவில்லை. “நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஒருத்தரோடையும் ஒண்டும் கதைக்காதேங்கோ” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு வந்த நாட்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டடம் போனால் போகட்டும், பிள்ளையின் பெயர் போகிறதே என்பதுதான் மனதை அறுத்தது. ஒரு காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நடாலியின் அலுவலகத்துக்குப் புறப்பட்டார். சொல்லவேண்டிய டொச் மொழி வசனங்களைக் காருக்குள் இருந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அன்று தேனுஜா வேறொரு கட்டடத்தைப் பார்க்க வெளியே போயிருந்தாள்.

நடாலி அவருக்குக் கோப்பி கொடுத்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே தொடங்கினாள். “நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. தேனுஜா எல்லாவற்றையும் சொன்னாள். கதவைத் திருப்பிப் பரீட்சார்த்தமாகக் கீறிய படத்தைத் தவறுதலாக உங்களிடம் தந்து, அனுமதியும் வந்துவிட்டதென்று சொல்லிவிட்டாளாம். கவனிக்காமல் விட்ட கவலையீனம்தான். நகரசபையோடு நான் பேசியிருக்கிறேன். கொஞ்சக் காலம் அவளுடைய படங்களை இன்னொருவர் பார்ப்பார், அவ்வளவுதான்.”

ஜெயகாந்த் கோப்பியைத் தள்ளி வைத்தார். தன் பிள்ளை கவலையீனக்காரியா? பள்ளிக்கூடக் கொப்பியில்கூட ஒரு கோடு பிசகாமல் கீறியவள். “இல்லை,” என்றார். “அவள் சரியான படத்தைத்தான் தந்தாள். தொடங்க வேண்டாமென்றும் சொன்னாள். திருப்பியது நான். தொடங்கியதும் நான். அவளிடம் ஒரு பிழையுமில்லை.” பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. சொல்லி முடித்ததும் நீண்ட நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

நடாலி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“அப்படியென்றால்,” என்றாள் மெதுவாக, “தேனுஜா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.”

பின்னேரம் ஜெயகாந்த் ஏணியில் நின்று கூரைச் சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தேனுஜா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“உண்மையைத்தானே பிள்ளை சொன்னனான்,” என்றார் அவர் ஏணியில் இருந்தபடியே. “உன்ர பேரைக் காப்பாத்தத்தான்...”

“கவனமில்லாதவள் எண்டால் ஆறு மாதத்தில மறந்திருப்பினம் அப்பா. பொய்க்காரி எண்டால் ஆர் மறப்பினம்?” அவள் குரல் உடைந்தது. “போக முதல் என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நாள் வைக்கேக்கையும் கேக்கேல்லை. இண்டைக்கும் கேக்கேல்லை.”

அவர் இறங்கக் காலை எடுத்தார், ஏணி ஆடியது. தேனுஜா கிட்ட வந்து, அவர் விழாமல் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.