பாதியில் விலகிய பதினொரு பேர்

எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால் அந்த நர்ஸுக்கு மருத்துவமனையில் கடுகு சிஸ்டர் என்றே பெயர். புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. மூட்டுவலி மாத்திரை ஒன்று சோதனைக்கு வந்தபோது, தையல் மெஷினை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்துபோன தன் அக்காவையும் சேர்த்துவிட்டாள்.

ஆறாவது வாரம் அக்காவுக்கு நெஞ்சு படபடத்தது.

"மாத்திரை போட்ட அரை மணியில ஆரம்பிச்சிடுதுடி."

"உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?" என்று தங்கை சிரித்தாள். சோதனையை நடத்திய டாக்டரும் வெறும் பயம்தான் என்றார். அக்கா மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த மாதம் வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விட்டாள். சாயங்காலமானால் மணிக்கணக்கில் ஊர்வம்பு பேசியவள் அதன்பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. தங்கை அழைத்தால், "நல்லா இருக்கேன். வச்சிடவா?" அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தது. அதில் அக்கா எங்கேயாவது இருக்கிறாளா என்று சிஸ்டர் வரிவரியாகத் தேடினாள். பாதியில் விலகிய பதினொரு பேரையுமே காணோம். அவர்களில் ஏழு பேருக்கு நெஞ்சு படபடப்பு என்று அவள் கைப்படவே எழுதிக் கொடுத்திருந்தாள். கட்டுரையோ, மருந்தால் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை என்றது.

அவள் போய்க் கேட்டபோது, டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கடைசிவரைக்கும் இருந்தவங்கதான் கணக்குன்னு முதல்லயே பேச்சு. செலவு மருந்துக் கம்பெனியோடது. எழுதினதும் அவங்க ஆளுங்க. நான் கையெழுத்துதான் போட்டேன்."

"அந்த ஏழு பேர்கிட்டயும் பயம்னுதானே சார் சொல்லி அனுப்பினோம்?"

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பெயர்களை விட்டுவிட்டு, எண்ணிக்கையை மட்டும் எழுதி, கட்டுரை வந்த மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினாள். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. அதற்குள் அவளைக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். மறு வருடம் ஒரு மூலையில் நான்கு வரியில் திருத்தம் வெளியானது: பதினொரு பேர் விலகினர், எழுவருக்கு நெஞ்சு படபடப்பு.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டு அந்த நான்கு வரியையும் படித்துக் காட்டினாள்.

"அப்போ பயமில்லையா அது?"

"இல்லக்கா. நான்தான் உன்னை நம்பாம போயிட்டேன்."

மறுமுனையில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவர்களை அதட்டி அடக்கிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவளாகவே கூப்பிடுகிறாள். உடம்பு, மழை, பேரப்பிள்ளைகள் என்று ஐந்து நிமிடப் பேச்சு. ஊர்வம்பு மட்டும் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டுச் சண்டையை அக்காவிடம் முதலிலிருந்து சொல்லிச் சிரிக்க, தங்கை காத்துக்கொண்டிருக்கிறாள்.