யாரோ ஒரு மீன்காரம்மா

அந்த யோசனை எனக்கு வந்தது வகுப்பறையில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் படம் போட்டிருந்த ஒரு மத்தியானம். எம்.ஏ. பிரெஞ்சு இரண்டாம் ஆண்டில் வெளிநாட்டு சினிமா என்று எங்களுக்கு ஒரு பாடம். திரையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம், பிரான்ஸில் ஏதோ ஒரு துறைமுக ஊர். புயலில் சிக்கிய படகு கரை சேர்கிறது. இறங்கி வரும் கணவனைப் பார்த்து ஒருத்தி கத்துகிறாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுகிறாள்.

விளக்கைப் போட்டுவிட்டு மேடம் கேட்டார்: "இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

கல்யாணம் கசந்துவிட்டது என்றான் ஒருவன். அவளுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள், இவன் திரும்பி வந்தது பிடிக்கவில்லை என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி. சொல்லக் கை தூக்கப் போனேன், தூக்கவில்லை. அவள் கோபமாகவே இல்லை. அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் காசிமேடு. அப்பா பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலுக்குப் போன ஆள் நேரத்துக்கு வராமல் தவிக்க வைத்து, கடைசியில் முழுசாக வந்து இறங்கினால், எங்கள் குப்பத்துப் பெண்கள் அழ மாட்டார்கள். உயிரோடு வந்தவன் முன்னால் அழக் கூடாது, அது செத்தவனுக்குப் போடுகிற ஒப்பாரி ஆகிவிடும் என்பார்கள். அதனால் திட்டுவார்கள். எவ்வளவு பயந்தார்களோ அவ்வளவு திட்டு. வந்தவன் பதில் பேசாமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

அந்தக் காட்சியைத் தமிழில் டப் செய்து கொண்டுவரச் சொன்னார் மேடம். சொன்ன நொடியில் என் போனில் அம்மாவின் குரல் இருப்பது ஞாபகம் வந்தது.

போன மழைக்காலத்தில் அப்பாவின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், நீரோட்டம் படகைப் பழவேற்காடு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றரை நாள் தகவல் இல்லை. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அப்பாவைக் கண்டதும், மாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப போனை அழுத்தினேன். "அக்கா, அப்பா வந்துட்டாரு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"வந்துட்டியா பேமானி? எங்க போய்க் குந்திகினு இருந்த? கடலு கூட நீ வேணான்னு துப்பிடுச்சா? ஆக்கி வச்ச சோத்த நான் இன்னா காக்காவுக்கா வெக்கறது? யோவ், உன்னத்தான கேக்கறேன்."

சோறு ஆக்கியதாக அவள் சொன்னது பொய். அந்த ஒன்றரை நாளும் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவில்லை.

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் குரலை வெட்டி, நீட்டி, பிரெஞ்சுக்காரியின் உதட்டசைவுக்குப் பொருத்தினேன். அப்படிப் பொருந்தியது. அவள் கையை ஓங்கும்போது அம்மா "யோவ்" என்றாள். எனக்குப் புல்லரித்தது. வகுப்பே வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன்.

'பேமானி' என்ற முதல் வார்த்தைக்கே சிரித்துவிட்டார்கள். 'துப்பிடுச்சா'வுக்கு மேஜையைத் தட்டினார்கள். காக்காவுக்கு வந்தபோது ஒருவன் நாற்காலியிலிருந்து சரிந்தேவிட்டான். நமக்குத் தெரிந்த சினிமாவில் இந்தப் பாஷை பேசுகிறவள் சிரிக்க வைக்கத்தானே வருவாள். அவர்களும் அப்படித்தான் கேட்டார்கள்.

தோழி போனில் வீடியோ எடுத்தபடி கேட்டாள்: "செம லேடிடி. யாரு இது?"

"யாரோ ஒரு மீன்காரம்மா. மார்க்கெட்ல கத்திட்டு இருந்தாங்க, ரெக்கார்ட் பண்ணேன்."

குழறாமல் வந்தது. மேடமும் சிரித்துக்கொண்டே, "சோகமான காட்சிய காமெடியா மாத்திட்டீங்க. வேணும்னே செஞ்சதுதானே?" என்றார்.

"ஆமா மேடம்."

இதை எழுதும்போதும் காது சூடாகிறது. பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்றால் கூடத் தேவலை. பயம் இல்லை, பழக்கம். முதல் வருஷம் முதல் நாளே, காசிமேடு என்று சொல்லாமல், 'ராயபுரம், கல்மண்டபம் பக்கம்' என்றுதான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். மூன்று வாரத்தில் 'வூடு' என் வாயில் 'வீடு' ஆகிவிட்டது. பிரெஞ்சில் தொண்டையை உரசி வரும் 'ர' எனக்கு வருவது போல வகுப்பில் யாருக்கும் வராது என்று மேடம் சொல்லும்போதெல்லாம் பூரித்துப்போவேன். யாருடைய தொண்டை என்று அவர் கேட்டதில்லை, அம்மாவுடையது என்று நானும் சொன்னதில்லை.

வீடியோ தோழியின் ஸ்டேட்டஸில் ஏறி, கை மாறிக் கை மாறி, ஒரே வாரத்தில் அக்காவின் போனுக்கு வந்துவிட்டது. அக்கா கூப்பிட்டாள். நான் கை கழுவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏண்டி, இது அம்மா தான? எனுக்கு அனுப்பன மெசேஜ் தான இது? வுழுந்து வுழுந்து சிரிக்கறானுங்க. இன்னா நடக்குது அங்க?"

இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "போட்டுக் காட்டு" என்றாள்.

காட்டினேன். வேறு வழியில்லை. அம்மாவின் குரல், அதன்மேல் வகுப்பின் சிரிப்பு, கடைசியில் என் முகம். பல் தெரியச் சிரித்துக்கொண்டு, யாரோ ஒரு மீன்காரம்மா என்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "நல்லா தான கீது. வெள்ளக்காரி கூட உன்ன மாதிரியே கையக் கைய ஆட்டறா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அம்மா புடவையில் கையைத் துடைத்தாள். "அன்னிக்கு நான் எப்பிடிக் கெடந்தேன்னு அவங்க பாக்கல. சிரிக்கறாங்க, சிரிச்சிட்டுப் போறாங்க. நீ பாத்த. நீ இன்னாத்துக்கு சிரிச்ச?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவளே மறுபடி கேட்டாள். "அந்தப் பொம்பள அவ பாஷையில பேசுவா இல்ல, அதக் காட்டு." காட்டினேன். ஒரு வார்த்தை புரியாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இந்த ஆளு எத்தினி நாளு கழிச்சி வரான்?"

"ஆறு நாள்மா."

"ஆறு நாளா? அப்ப கம்மியா தான் திட்டறா." போனைத் திருப்பித் தந்தாள். "என் கொரல அதுலருந்து எடுத்துடு. உனுக்கு வாயி கீதில்ல? நீ பேசு."

தோழியிடம் சொல்லி அவள் போனிலிருந்து வீடியோவை அழிக்க வைத்தேன். அது யாருடைய குரல் என்று முதலில் அவளிடம்தான் சொன்னேன். மற்றவர்கள் போனில் போனது போனதுதான்.

மேடமுக்கு எழுதி, வியாழக்கிழமை வகுப்பில் இருபது நிமிடம் வாங்கியிருக்கிறேன். காமெடிக்காகச் செய்ததில்லை, அன்று நான் சொன்னது பொய், அது என் அம்மா என்று அதில் எழுதிவிட்டேன். ஆனால் எழுதுவது சுலபம். ஒரு வாரமாக மொட்டை மாடியில் பேசிப் பார்க்கிறேன், வானொலிச் செய்தி மாதிரியே வருகிறது. துணி உலர்த்த வந்த அம்மா ஒருநாள் கேட்டுவிட்டு, "இப்பிடித் திட்னா அவன் திரும்பிக் கடலுக்கே போய்டுவான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை படத்தின் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுத் திரை ஓரமாக நின்று, அந்தப் பெண்ணுக்கு நானே பேசப் போகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் கூடச் சேர்ந்து சிரிக்காமல், நடுவில் நிறுத்தாமல், கடைசி வரி வரைக்கும் திட்டி முடிக்க வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை.