எப்பக் கூடுது, எப்பக் கொறையுது

என் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை. அறுபத்தேழில் எங்கள் நாலு வயது மகள் வாசுகி அம்மை போட்டு இறந்துபோனாள். அடுத்த வருஷமே அவர் தபால் மூலம் ஓமியோபதி படிக்க ஆரம்பித்தார். கவலை, பயம், அழுகை, ஆத்திரம் என்று மனசில் இருப்பதற்கெல்லாம் அதில் மருந்து உண்டாம். நான் பார்த்தவரையில் எல்லாம் ஒரே சீனி உருண்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாசலில் செருப்புக் குவியல். களிமண் பிசைகிறவர்கள், கப்புக்குப் பூப்போடுகிற பெண்கள், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். எதிரே முக்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொள்வார். "எப்பயிலேருந்து இப்படி இருக்குது? எப்பக் கூடுது? எப்பக் கொறையுது? தனியா அழுவீங்களா, நாலு பேரு எதிர்லயா?" பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை. புருஷனைப் பறிகொடுத்த பெரியம்மாள் ஒரு மணி நேரம் அழுதாள், மனுஷர் அசையவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தே எனக்குக் கை ஓய்ந்துபோகும்.

எனக்கும் ஒரு தாள் இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவரே எழுதியது. 'துக்கம். அமைதியான சுபாவம்.' அமைதியாம்! கேட்டால், "ஒன்ன எனக்குத் தெரியாதா, அமிர்தம்?" என்றார். காலையில் நாலு உருண்டை, ராத்திரி நாலு. மருந்து முறிந்துவிடும் என்று காப்பியையும் நிறுத்திவிட்டார். பாவி மனுஷன், இருந்த ஒரே சுகமும் போச்சு. ஏழு வருஷம் தின்றேன். வாசுகியின் பேர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. நான் எடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன்.

எழுபத்தைந்தில் ஒரு ஞாயிறு. கடைசியாக வந்தவள் நீலாவதி; குழந்தை தவறி ஆறு மாதம் ஆகியிருந்தது. "கொழந்த பேரச் சொல்லி வாய்விட்டு அழும்மா, அடக்காத" என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. அவள் போனதும் அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"என்னா அமிர்தம்?"

"மருந்துக்கு வந்திருக்கேன். கேளுங்க."

சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைக் கவனித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"என்னா பண்ணுது?"

"கோவம். உங்க மேல."

பேனா நின்றது. "எப்பயிலேருந்து?"

"வாசுகி போனதுலேருந்து. மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டீங்க."

"எப்பக் கூடுது?"

"ஊர்ல உள்ளவங்க அழுகையெல்லாம் நீங்க காது குடுத்துக் கேக்குறப்ப."

"எப்பக் கொறையுது?"

"கொறஞ்சதே இல்ல."

அதையும் எழுதினார். எழுந்துபோய் மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு குப்பியாக எடுத்துப் பார்த்துப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

"எதக் குடுக்கறதுன்னு தெரியல, அமிர்தம்" என்றார். "இதுல இருக்கறது அத்தனையும் நானே போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் எனக்குக் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை பேரைக் கேட்ட மனுஷன்! அவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

என் கோபம் தீர்ந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்து, அவரைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க."

"வாசுகி..." என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை.